கித்தாக் காட்டில் ஒரு கித்தார்

தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றி எழுதப் பேனா எடுக்கும் நம்மில் பலர் ஒரு கட்டத்தில் சலித்துக்கொள்வதுண்டு. "நம்மவர்கள் எதையுமே எழுதி வைக்கவில்லையே!" என்பதுதான் அந்தச் சலிப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. என் பாட்டியின் பெயர் தாளில் இருக்கும் இடங்கள் மிகச் சில. அவருடைய அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கடைசியாக அவருடைய இறப்புப் பத்திரம், அவ்வளவே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். அவர் பெயர் ஏறிய செக்ரோல் புத்தகங்கள் என்னவாயின என்று கேட்கக்கூட இன்று ஆளில்லை. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள் நிற்கின்றன.

ஆனால், எழுத்து என்பது தாளில் மட்டும்தான் இருக்க வேண்டுமா? வீட்டில் கிடக்கும் பொருள்களின் முதுகிலும் அடியிலும் உள்ளேயும்கூட எழுத்து இருக்கிறது. அப்படி ஒரு பொருளைப் படித்த அனுபவத்தைத்தான் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அந்தப் பொருள் ஒரு மின்கித்தார்.

மலேசியத் தமிழில் ரப்பருக்குக் 'கித்தா' என்று பெயர். 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல் நம் நாவில் உருண்டு அப்படி ஆயிற்று. கித்தாவுக்கும் கித்தாருக்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. "கித்தா வெட்டுறவன் மகனுக்குக் கித்தாரு கேக்குதாக்கும்?" என்று லயத்துப் பெரியவர்கள் என் பெரியப்பாவைக் கேலி செய்வார்களாம். பெரியப்பா பகலில் பால்மரம் வெட்டினார். இரவில் தோட்டத்து இசைக்குழுவில் கித்தார் வாசித்தார். மாரியம்மன் கோயில் திருவிழா, தீபாவளிக் கலைநிகழ்ச்சி, கல்யாண வீடு என்று அந்தக் குழு சிரம்பான் வட்டாரத்துத் தோட்டங்களைச் சுற்றி வந்திருக்கிறது. லயத்துக்கு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து வந்தது. இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகும் பெரியப்பா வாசிப்பார். ஒலிபெருக்கி இல்லாத மின்கித்தார் கொசு பாடுவதுபோலத்தான் கேட்கும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த அத்தைக்கு அது கேட்கும்.

பெரியப்பா காலமான பிறகு அந்தக் கித்தார் தெமியாங்கில் உள்ள அத்தை வீட்டுக்கு வந்தது. அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இரண்டு கதைகள் உண்டு.

முதல் கதை சித்தப்பாவுடையது. தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது, பெரியப்பாவின் வாசிப்பை மெச்சித் தம்முடைய அமெரிக்கக் கிப்சன் கித்தாரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார் என்பது அது. என் அப்பாவும் இதையே சொல்லுவார். குடும்ப விருந்துகளில் நானே பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டாவது கதை அத்தையுடையது. அது ஒரே வரிதான்: "தொர ஒண்ணும் குடுக்கல. அம்மா கூட்டு எடுத்துதான் வாங்கிக் குடுத்தாங்க." அத்தை இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரிலிருந்து பழைய கித்தார்களைச் சேகரிப்பவர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டு வந்தார். அமெரிக்கக் கிப்சன் என்றால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை என்றார். பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தவன், தமிழ்ப் பேரவைக் கலை இரவுகளில் மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுற்றிக்கொண்டு திரிந்தவன் என்பதால், "நீயே பார்த்துச் சொல்லு" என்று குடும்பம் என்னிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தது. எனக்கோ விலையைவிட அத்தையின் அந்த ஒரு வரிதான் உறுத்திக்கொண்டிருந்தது.

பழைய மின்கித்தாரின் வயதை அறிவது கல்வெட்டு ஆராய்ச்சி போன்றது. ஒரு கல்லில் பல காலத்து எழுத்துகள் இருக்கலாம். எது முதலில் வெட்டியது, எது பிறகு சேர்த்தது என்று பிரித்தறிய வேண்டும். கித்தாரிலும் தொழிற்சாலை செய்தது எது, வைத்திருந்தவர் செய்தது எது என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1950களின் நடுவிலிருந்தே, வாடிக்கையாளர் விரும்பிய கார் வண்ணத்தைக் கூடுதலாக ஐந்து விழுக்காடு பணம் வாங்கிக்கொண்டு பூசிக் கொடுத்தது. அத்தகைய அசல் தனிவண்ணக் கித்தார்களுக்கு இன்று பெரும் மதிப்பு. அதே வண்ணத்தை யாரோ பின்னாளில் பூசியிருந்தால் மதிப்பு சரிந்துவிடும். அதனால்தான் ஆராய்பவர்கள் வெளிப்பூச்சை நம்புவதில்லை. திருகாணிகளின் தலையைப் பார்க்கிறார்கள். தகடுகளின் ஓரத்தைப் பார்க்கிறார்கள். பூச்சு உலர்ந்த பிறகே தொழிற்சாலையில் தகடுகளைப் பொருத்துவார்கள். ஆகவே திருகாணிப் பள்ளத்துக்குள் பூச்சு புகுந்திருந்தால், அது பின்னாளில் பூசியது என்று அறியலாம். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் காட்டினால், பழைய மெருகும் புதிய மெருகும் வெவ்வேறு விதமாக ஒளிர்வதும் உண்டு.

எங்கள் கித்தார் மயில் கழுத்து நீலம். தலைப்பகுதியில் கிளிஞ்சலால் இழைத்த ஒரு சிறு வேல். அது தோட்டத்து ஆசாரியின் கைவேலை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. போர்ட்டிக்சன் கடற்கரையில் அத்தை பொறுக்கிய கிளிஞ்சல் அது. வேலைப் பதிக்கும்போது ஆசாரி தலைப்பகுதியை இழைத்துவிட்டதால், அங்கிருந்த நிறுவனத்தின் பெயர் போய்விட்டது. நீலமும் அவர் பூசியதுதான். பின்பக்கத் திருகாணிகளின் பள்ளங்களில் நீலம் அப்பியிருந்தது. முன்பக்கத்துப் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றியபோது அதனடியில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் பழுப்புமாகத் தொழிற்சாலைப் பூச்சு நேற்றுப் பூசியதுபோல இருந்தது.

அடுத்தது, 'கிப்சனா?' என்ற கேள்வி. உருவம் 1952இல் கிப்சன் வெளியிட்ட லெஸ் பால் கித்தாருடையது. ஆனால் லெஸ் பாலின் கழுத்தை உடலோடு பசையால் ஒட்டுவார்கள். எங்கள் கித்தாரின் கழுத்தோ நான்கு திருகாணிகளால், ஒரு தகட்டின் வழியே முடுக்கப்பட்டிருந்தது. மேலும் 1970 முதல் கிப்சன் கித்தார்களின் தலைக்குப் பின்னால் அமெரிக்காவில் செய்தது என்ற முத்திரை அழுத்தியிருக்கும். இதில் அதன் தடமே இல்லை. இது கிப்சன் இல்லை என்று அறிய ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.

அப்படியானால் இது எது? கழுத்துத் தகட்டின் மேல் தடித்த நீலப்பூச்சு. சாய்வாக விளக்கைப் பிடித்துப் பார்த்தால் அதனடியில் ஏதோ மேடுபள்ளம் தெரிந்தது. பூச்சைச் சுரண்ட எனக்கு மனமில்லை. அதுவும் ஒரு சான்று அல்லவா? கல்வெட்டாளர் மைப்படி எடுப்பதை நினைத்துக்கொண்டு, மெல்லிய தாளொன்றைத் தகட்டின்மேல் வைத்து, பென்சிலைப் படுக்கப் போட்டு மெதுவாகத் தேய்த்தேன். ஆங்கில நெடுங்கணக்கின் எட்டாம் எழுத்து வந்தது. அதையடுத்து 7, 6. பிறகு நான்கு இலக்கங்கள்.

ஜப்பானில் நாகோயா நகரத்து ஹோஷினோ நிறுவனம் 'இபானெஸ்' என்ற பெயரில் விற்ற கித்தார்களில் 1975 முதல் கையாண்ட முறை இது. முதல் எழுத்து மாதம். அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. மற்றவை வரிசை எண். எட்டாம் எழுத்து என்றால் ஆகஸ்டு. ஆக, எங்கள் கித்தார் 1976 ஆகஸ்டில் செய்தது. சால்வடார் இபானெஸ் என்ற ஸ்பானியக் கைவினைஞரின் பெயரைத் தாங்கி, அமெரிக்க உருவத்தைப் பார்த்து ஜப்பானில் செய்து, மலேசியத் தோட்டத்து லயத்துக்கு வந்து, வேல் பதித்துக்கொண்ட கித்தார்! அந்தக் காலத்தில் ஜப்பானிய நகல்கள் அத்தனை நேர்த்தியாக இருந்ததால், கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், 1977 ஜூன் 28ஆம் நாள் இபானெசின் அமெரிக்க விநியோக நிறுவனத்தின்மீது பிலடெல்பியாவில் வழக்குத் தொடர்ந்தது. கித்தாரின் தலை வடிவத்தைப் பற்றிய வழக்கு அது. பின்னர் சமரசத்தில் முடிந்தது. அந்த வகைக் கித்தார்களைத் தேடி வாங்குவோர் இன்றும் இருக்கிறார்கள்.

எண் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. தகட்டை மாற்றியிருக்கலாம். சித்தப்பாவும் இதைத்தான் கேட்டார்: "தகட்ட வேற எதுலருந்தாச்சும் கழட்டி மாட்டியிருக்கலாம்ல?" நியாயமான கேள்வி. கழுத்துத் திருகாணிகள் நான்கிலும் நீலப்பூச்சு உடையாமல் ஒரே படலமாக இருந்தது. அதாவது, ஆசாரி பூசிய நாளிலிருந்து அவற்றை யாரும் திருகவில்லை. அந்தப் படலம் உடையக் கூடாது என்பதால் நானும் கழுத்தைக் கழற்றவில்லை. ஆசாரி பூசியது எப்போது? குழுவின் படமொன்று அத்தையிடம் இருக்கிறது. பின்புறத்தில் 'தீபாவளி 1979' என்று பெரியப்பா கையெழுத்து. படம் கறுப்பு வெள்ளை என்றாலும் கித்தாரின் தலையில் வேல் பளிச்சென்று தெரிகிறது. வேலும் நீலமும் ஒரே வேலையாக நடந்தவை. வேலைச் சுற்றியிருந்த இழைப்புப் பள்ளத்தை நீலம்தான் நிரப்பியிருந்தது. ஆகவே 1979க்குள் ஆசாரியின் வேலை முடிந்துவிட்டது. தகடும் அதற்கு முந்தியது.

பின்பக்கத்து மூடியின் திருகாணிகளில் மட்டும் பூச்சு உடைந்திருந்தது. அங்கே யாரோ கைவைத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தேன். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகின் அடியில் பொட்டென்ஷியோமீட்டர் என்ற சிறு உறுப்பு உண்டு. அமெரிக்காவில் செய்தவற்றின் முதுகில் ஏழு இலக்க எண் இருக்கும்: முதல் மூன்று செய்த நிறுவனம், அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. எங்கள் கித்தாரில் மூன்று உறுப்புகள் ஜப்பானியம். ஒன்று மட்டும் 137 என்று தொடங்கியது. அது சி.டி.எஸ். என்ற அமெரிக்க நிறுவனத்தின் குறி. அடுத்து 83. அமெரிக்க உறுப்பின் தண்டு சற்றுப் பருமன் என்பதால், மரத்துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கிய தடமும் இருந்தது. இதை மட்டும் பார்க்கிற ஒருவர் கித்தாரே 1983இல் செய்தது என்று சொல்லிவிடக்கூடும். உண்மையில் அது, பழுது பார்த்தது 1983க்கு முன்னால் இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. புதையல் குடத்தில் கிடக்கும் காசுகளில் மிகப் புதிய காசுதான் குடம் புதைந்த காலத்துக்கு எல்லை வகுக்கும் என்பார்கள். அதுபோல, ஒவ்வோர் உறுப்பும் எதற்குச் சாட்சி என்று தெரிந்து கேட்டால்தான் அது பொய் சொல்லாது.

இனி துரைக்கு வருவோம். துரை விடைபெற்ற நாளில் எடுத்த படம் சித்தப்பா வீட்டு வரவேற்பறையிலேயே மாட்டியிருக்கிறது. மாலை போட்டு நடுவில் துரை, இரு பக்கமும் கிராணிமார், மண்டோர்கள், முன்வரிசையில் பிள்ளைகள். ஒரு பிள்ளை பிடித்திருக்கும் பலகையில் ஆண்டு எழுதியிருக்கிறது: 1974. கித்தார் செய்யப்படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னாலேயே துரை கப்பல் ஏறியோ விமானம் ஏறியோ போய்விட்டார். போகும்போது கையில் கொடுத்தார் என்ற கதை அங்கேயே முடிந்தது.

துரை கொடுக்கவில்லை என்பதைக் கித்தார் சொல்லிவிட்டது. யார் கொடுத்தது என்று அதனால் சொல்ல முடியாது. அதற்கு அத்தையிடம்தான் போக வேண்டும். நான் பென்சில் படியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அத்தை அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறையொன்றை எடுத்து வந்தார். உள்ளே அவருடைய எல்.சி.இ. சான்றிதழ் இருந்தது. ஆண்டு 1977.

"நான் எல்.சி.இ. எழுதுன வருசம்தான் வாங்குனாங்க. தீபாவளிக்கு. அம்மா ரெண்டு வருசமா கூட்டு கட்டிக்கிட்டு வந்தாங்க. அது எனக்கு போர்ம் போருக்குன்னு வச்சிருந்த காசு. பஸ்ஸு, உடுப்பு, புத்தகம் எல்லாத்துக்கும். அண்ணன் கேட்டுச்சு. அண்ணன் வாசிச்சா குடும்பத்துக்கு வருமானம்னு அம்மா நெனச்சாங்க. ரிசல்ட் வந்தப்ப நான் பாஸ். கூட்டு முடிஞ்சு போச்சு. அடுத்த மாசம் நானும் பெரட்டுக்குப் போயிட்டேன்."

பெரட்டு என்பது விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்கும் களம் என்று இன்றைய மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அத்தைக்கு அப்போது வயது பதினைந்து முடிந்திருந்தது.

துரை கதை ஏன் பிறந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. துரை கொடுத்தார் என்றால் பெருமைக்குப் பெருமை. யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை. அம்மா கொடுத்தார் என்றால் அது யாருடைய பங்கு என்ற கேள்வி வரும். பெரியப்பாவைப் பொல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். அத்தையின் திருமணச் செலவில் பாதியை இசைக்குழு வருமானத்தில்தான் அவர் கொடுத்தார் என்று அத்தையே சொல்லுவார். வேலுக்குக் கிளிஞ்சல் பொறுக்கிக் கொடுத்தவரும் அத்தைதானே! ஆனாலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குடும்பம் ஒரு வெள்ளைக்காரருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டுக் கட்டிய பாட்டிக்கும் படிப்பை விட்ட அத்தைக்கும் அந்த நன்றி போய்ச் சேரவேயில்லை.

உலகம் நினைவில் வைத்திருக்கும் கித்தார் எண்கள் உண்டு. தி ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வினுக்காகக் கிளிஃப் ரிச்சர்ட் 1959இல் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த சிவப்பு ஃபெண்டரின் எண் 34346. ரசிகர்கள் அதை மனப்பாடமாகச் சொல்லுவார்கள். அந்தக் குழு 1961இல் சிங்கப்பூருக்கு வந்து வாசித்த பிறகுதான் இந்த வட்டாரத்து இளைஞர்களிடையே கித்தார்க் குழுக்கள் புற்றீசலாகக் கிளம்பின; 'பாப் யே யே' என்ற மலாய் இசை அலையும் எழுந்தது. மேடைகளின் வரலாற்றை எழுதியிருக்கிறார்கள். லயத்து மேடைகளில் வாசித்தவர்களின் கித்தார்களுக்கும் எண் உண்டு. அவற்றை யாராவது படித்துப் பார்க்க வேண்டும்.

சேகரிப்பாளர் மறுபடி வந்தார். உண்மையைச் சொன்னேன். "ஜப்பான் சாமானுக்கும் இப்போது மவுசு உண்டு. ஆனால் பூச்சு மாற்றியது, தலையை இழைத்தது, உறுப்பு மாற்றியது, எல்லாம் குறைகள்தாம்" என்றார். நீலத்தை நீக்கி, வேலைப் பெயர்த்துத் தலையைப் பழையபடி செய்தால் நல்ல விலைக்கு எடுப்பதாகவும் சொன்னார். அவர் தொழிலுக்கு அது சரி. முடிவைச் சித்தப்பா அத்தையிடம் விட்டார். "ஒம் பொருளு. நீயே சொல்லு" என்றார். அந்தக் கித்தாரை 'உன் பொருள்' என்று அவர் தங்கையிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை விற்கவில்லை. அவருடைய பேத்தி இப்போது அதில் பாடம் பழகுகிறாள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இளைய நண்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, அங்கே இருக்கும் பழைய பொருளொன்றைத் திருப்பிப் பாருங்கள். தையல் இயந்திரமோ, வானொலிப் பெட்டியோ, கைக்கடிகாரமோ, ஆர்மோனியமோ எதுவானாலும் சரி. எண் எங்கே இருக்கிறது, எந்தத் திருகாணி திறந்திருக்கிறது, எந்தப் பூச்சு பிறகு பூசியது என்று குறித்துக்கொள்ளுங்கள். எதையும் சுரண்டாதீர்கள், துடைத்து மெருகேற்றாதீர்கள். குறித்ததை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டில் யாருடைய பேச்சை எல்லாரும் பாதியில் மாற்றிவிடுகிறார்களோ அவரிடம் போய் உட்காருங்கள். தேதியோடு போனால் அவர்கள் முழுவதும் சொல்லுவார்கள்.